வடலூர் வள்ளலார்

லால்பேட்டையிலிருந்து வடலூர் தொலைவில் இல்லை. கும்பகோணத்திலிருந்து பண்ருட்டிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால், வீராணம் ஏரிக்கரையை ஒட்டியே சேத்தியாத்தோப்பு வரை சென்று, அங்கிருந்து வடக்கே வடலூரை அடைந்துவிடலாம். நம்மில் பலர் கடலூருக்குப் போகும்போது அந்த ஊரைக் கடந்திருக்கிறோம். ஆனால் இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. நாங்கள் இறங்கிப் பார்த்ததற்கு ஒரு கேள்வி காரணமாயிற்று.

நன்னெறி வகுப்பில் எங்களுள் ஒருத்தி எழுந்து, சிறு வயதில் கற்றுக்கொண்ட நம்பிக்கையைப் பற்றி வளர்ந்த பின் கேள்வி கேட்பது பாவமா என்று கேட்டாள். வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தோம், லால்பேட்டையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தோம், சிதம்பரம் கோவிலுக்கு வெள்ளிதோறும் போகிற பிள்ளைகளும் இருந்தோம். அதனால் அந்தக் கேள்வி எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது. சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கத்திலேயே பிறந்து, வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்வியோடு நடந்த ஒருவர் இருக்கிறார், அவர் வரலாற்றைப் படித்துவிட்டு வாருங்கள் என்றார். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூர். அங்கே கிராமக் கணக்கராகவும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியராகவும் இருந்தவர் இராமையா பிள்ளை. அவர் மனைவி சின்னம்மை. இவர்களுக்கு ஐந்தாவது குழந்தையாக, கடைக்குட்டியாக, 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிறந்தவர் இராமலிங்கம். பிறந்து ஓராண்டு முடிவதற்குள் தந்தை காலமானார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் பிறந்த ஊருக்குப் போனார். பிறகு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வாழ்ந்தது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அண்ணனுக்குத் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்க வேண்டும் என்ற கவலை. தம்பிக்கோ பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருப்பதே அவருக்கு வேலை. தாம் படித்த ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே தம்பியையும் அனுப்பினார் அண்ணன். அந்தப் பெரியவர் ஒருநாள் கோவிலில் சிறுவன் பாடுவதைக் கேட்டுவிட்டு, இவனுக்குக் கற்பிக்கத் தம்மால் ஆகாது என்று நிறுத்திக்கொண்டாராம். அண்ணன் கோபம் தணியவில்லை. வீட்டில் சோறு போடக்கூடாது என்று கட்டளையிட்டார். அண்ணி கணவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக அழைத்துச் சோறிட்டு வந்தார். பிற்காலத்தில் ஆயிரமாயிரம் பேருக்குச் சோறிட்டவரின் வரலாற்றில், அந்த அண்ணியின் பங்கை ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பின்னர் அண்ணிக்காக மனமிளகி வீட்டின் மாடியறையில் தங்கினார். ஓர் கண்ணாடியை நிறுத்தி, விளக்கேற்றி, அதன் முன் அமர்ந்து வழிபட்டார். கண்ணாடியையும் விளக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வடலூரில் திரும்ப வருகின்றன.

ஒருநாள் அண்ணனுக்கு உடல்நலமில்லாமல் போகவே, அவர் செய்ய வேண்டிய பெரியபுராணச் சொற்பொழிவுக்குத் தம்பி சென்றார். நேரம் போனது தெரியாமல் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாம். இளைஞர் பெயர் சென்னையில் பரவியது. திருவொற்றியூர்க் கோவிலுக்கு நாள்தோறும் நடந்து சென்று சிவபெருமானைப் பாடினார். அந்நாளில் அவர் முழுமையான சைவர். திருநீறு, கோவில், திருமுறை, நாயன்மார் வரலாறு, இவற்றுக்கு வெளியே அவருக்கு வேறு உலகம் இல்லை. 1854-இல் மனுநீதிச் சோழன் கதையை ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலாக எழுதி வெளியிட்டார்.

இடையில், 1850-இல், உறவினர் வற்புறுத்தலால் தமக்கை மகள் தனக்கோடியை மணந்தார். மனம் முழுவதும் துறவில் இருந்தவருக்கு இல்லறம் ஒட்டவில்லை. தனக்கோடி அம்மையாரைப் பற்றி நாங்கள் படித்த நூல்கள் ஓரிரு வரியோடு நின்றுவிடுகின்றன. பெண்கள் பள்ளியில் படிக்கிற எங்களுக்கு அந்த இடத்தில் வேகமாகப் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. ஒருவர் தம் மனச்சான்றின்படி வாழ்வதற்கு, அவர் மட்டுமே விலை கொடுப்பதில்லை. மணமகனின் சம்மதத்தையே சரியாகக் கேட்காத அந்தக் காலம், மணமகளின் சம்மதத்தைக் கேட்டிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

1858-ஆம் ஆண்டு வாக்கில் சென்னை வாழ்வு போதும் என்று சிதம்பரத்தை நாடிப் புறப்பட்டார். வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில், மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஓர் அறையில் தங்கினார். 1867 வரை அதுவே அவர் இருப்பிடம். அங்கிருந்து அடிக்கடி சிதம்பரம் சென்று நடராசரை வழிபடுவார். தண்ணீரை எண்ணெய் என்று எண்ணி ஊற்றியபோதும் விளக்கு எரிந்தது என்பது கருங்குழியில் நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதம். அவரைப் பற்றி இதுபோன்ற செய்திகள் பல வழங்குகின்றன. நம்புகிறவர்கள் நம்பட்டும். நாங்கள் தேடிப்போனது விளக்கைப் பற்றியது அன்று, அவர் மனத்தைப் பற்றியது.

வெள்ளை வேட்டி, தலையையும் உடலையும் மூடிய வெள்ளைத் துணி. காவி உடுத்தவில்லை, மடம் ஏற்கவில்லை. அவருடைய பாடல்களை அச்சிட வேண்டும் என்று அன்பர்கள் பல ஆண்டுகள் கெஞ்சினார்கள். இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், அனுமதி கிடைக்கும்வரை ஒருவேளை உணவுதான் என்று விரதமே பூண்டார். அதன் பிறகே இணங்கினார். அப்போதும் இராமலிங்கசாமி என்று தம் பெயரைப் போடக்கூடாது, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்து, முதல் நான்கு திருமுறைகள் ‘திருவருட்பா’ என்ற பெயரோடு 1867-இல் வெளிவந்தன.

அந்தப் பெயரே ஒரு பெரும் சண்டைக்கு வித்தாயிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதை எதிர்த்தார். நாவலரை வில்லனாக்கிக் கதை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. இராமலிங்கரைவிட ஒரே வயது மூத்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பாதிரிமார் பள்ளியில் படித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உதவியவர். விவிலியத்தை அவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தும் சைவத்திலேயே நின்று, அதற்காகப் பள்ளிகளும் அச்சுக்கூடமும் அமைத்தவர். சிதம்பரத்தில் அவர் 1864-இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு பள்ளி இருக்கிறது.

நாவலர் சொன்ன காரணம் எளிதில் தள்ளக்கூடியதன்று. அருட்பா என்றும் திருமுறை என்றும் சொல்வது, தேவாரம் திருவாசகம் முதலாக மரபு ஏற்றுக்கொண்ட நூல்களை மட்டுமே. நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்? எவை மறைநூல்கள், எவை அல்ல என்பதைத் திருச்சபை எத்தனை கவனத்தோடு வரையறுத்தது என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்த நமக்கு, இந்தக் கவலை புரியாமல் போகாது. ஆனால் அந்த நல்ல காரணம், கண்டனப் பிரசுரங்களிலும் வசைகளிலும் சிக்கிக்கொண்டது. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை வழக்குப் போயிற்று. அங்கே நடந்ததை இரு தரப்பாரும் இருவேறு விதமாகச் சொல்லிவருகிறார்கள். இறைவனைப் பாடிய பாட்டுக்காகச் சாட்சிக்கூண்டு வரை போக நேர்ந்ததே என்ற வருத்தம்தான் மிஞ்சுகிறது.

இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறி வாதாடியவர்களுள் ஒருவர், நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த இஸ்லாமியப் புலவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். அவர் பிறந்த ஆண்டு 1874. இராமலிங்கர் கண்ணுக்கு மறைந்ததும் அதே ஆண்டுதான். சைவ நூல் ஒன்றைக் காக்க ஒரு முஸ்லிம் புலவர் வந்தார் என்றதும் எங்கள் வகுப்பில் லால்பேட்டைப் பிள்ளைகள் வரிசையில் எழுந்த ஆரவாரத்தை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, நம் கேள்விக்கு வருவோம்.

கருங்குழியில் இருந்த காலத்தில், 1865-இல், சமரச வேத சன்மார்க்க சங்கம் என்ற அமைப்பை நிறுவினார். சாதி, சமய வேறுபாடின்றி எல்லாரும் ஒரே இறைவனை வணங்கலாம் என்பது அதன் நோக்கம். ஆனாலும் பழைய வழிபாட்டை அவர் அப்போது விட்டுவிடவில்லை. கடலூரில் பிரம்ம சமாஜத்தார் உருவ வழிபாடு கூடாது என்று பேசியபோது, அவர்களோடு வாதாடி உருவ வழிபாட்டின் பக்கம் நின்றார். இதையும் நினைவில் வையுங்கள்.

அந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் கிழக்குக் கரையோரப் பகுதிகள் பலவற்றில் பஞ்சம். ஊர்விட்டு ஊர் பசியோடு அலைந்தவர்களை அவர் நேரில் கண்டார். பிறர் பசியைப் பார்த்தபோது தம் உடலே நடுங்கியதாகப் பாடல்களில் பதிவு செய்திருக்கிறார். வெறும் இரக்கத்தோடு அவர் நிற்கவில்லை. உட்கார்ந்து சிந்தித்தார். அந்தச் சிந்தனையின் விளைவுதான் ‘சீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூல்.

அந்த நூலை நாங்கள் பக்தி நூல் என்று எண்ணித் திறந்தோம். திறந்தால், வழக்கறிஞர் வாதிடுவதுபோல் கேள்வியும் பதிலுமாக இருக்கிறது. எதிராளி என்ன கேட்பானோ அதை அவரே முன்கூட்டிக் கேட்டுக்கொள்கிறார். ஏழை பசியால் வாடுவது முன்வினைப் பயன் என்றால், அது இறைவன் விதித்த தண்டனை அல்லவா? அந்தப் பசியை நாம் தீர்ப்பது இறைவன் கட்டளைக்கு எதிராகாதா? இப்படிக் கேட்டு, எத்தனையோ பேர் கையில் இருந்த சோற்றைத் தராமல் போயிருக்கிறார்கள். அவர் பதிலுக்கு ஒரு சிறைச்சாலையைக் காட்டுகிறார். கொலைக் குற்றம் செய்து விலங்கிடப்பட்ட கைதிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கச் சொல்கிறானே! தண்டனை வேறு, பட்டினி வேறு. கைதிக்குச் சோறு கொண்டுபோகிற சேவகன் அரசனுக்கு விரோதியா? அவ்வாறே பசித்தவனுக்குச் சோறிடுகிறவன் இறைவனின் ஆணையை நிறைவேற்றுகிறவனே என்று முடிக்கிறார்.

இன்னொரு கேள்வி. புலால் கூடாது என்றால், நெல்லுக்கும் கீரைக்கும் உயிர் உண்டே, அதைத் தின்னலாமா? நம் வகுப்பில் குறும்புக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்விதான். அதையும் தள்ளாமல் எடுத்துக்கொண்டு, விதை, காய், கனி முதலியவற்றை எடுப்பது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது என்று விளக்கம் தருகிறார். அந்த விளக்கம் எல்லாருக்கும் நிறைவளிக்குமா என்பது வேறு. கேள்வியே கேட்காதே என்று அவர் யாரையும் அடக்கவில்லை என்பதே எங்களைக் கவர்ந்தது.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலம் மனமுவந்து கொடுத்தார்கள். அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில் தென்னாட்டை வாட்டிய 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னரே இந்த அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. நாங்கள் சென்ற அன்றும் எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட வருகிறவரிடம் ஊர், சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை. எங்களிடமும் யாரும் கேட்கவில்லை. வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். புலால் உண்பதை அவர் கடுமையாக மறுத்தவர். கொலையும் புலாலும் நீக்கியவர்களே ஞானசபையின் உள்ளே வரலாம், மற்றவர்கள் வெளியே நின்று வழிபடலாம் என்று விதித்தார். எங்களுள் பெரும்பாலோர் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆகவே சபையைப் பொறுத்தவரை நாங்கள் வெளியே நிற்க வேண்டியவர்கள். ஆனால் பசிக்கு அந்த விதி இல்லை. புலால் உண்பவனாயினும் பசித்து வந்தால் அவன் பசியைத் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தம் கொள்கையை ஒரு சொல்லும் தளர்த்தவில்லை. அதே சமயம் சோற்றுக்கு அதை நிபந்தனையாகவும் வைக்கவில்லை.

1870-இல் மேட்டுக்குப்பத்துக்குப் போய், ஒரு சிறு குடிலில் தங்கினார். அதற்குச் சித்திவளாகம் என்று பெயரிட்டார். 1871-இல் தம் அன்பர்களுக்கு எழுதிய அறிவிப்பு ஒன்றில், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றும், மனைவி இறந்தால் கணவன் மறுமணம் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். கைம்பெண்ணுக்கு அக்கால வழக்கம் என்னென்ன செய்தது என்பதை வீட்டில் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஊரோடு ஒத்துப்போகிறவர் எழுதக்கூடிய அறிவிப்பு அல்ல அது.

1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று, ஜனவரி 25-ஆம் நாள், சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. எண்கோணக் கட்டடம். உள்ளே சிலை இல்லை. கண்ணாடி ஒன்று, அதன் பின்னே விளக்கு, முன்னே வெவ்வேறு நிறத்தில் ஏழு திரைகள். திரைகள் விலக ஒளி தெரியும். உயிரின் உள்ளே இருக்கும் ஒளியை அறியாமை ஏழு வகையாக மறைக்கிறது என்பது பொருள். இறைவனை அவர் அருட்பெருஞ்ஜோதி என்றே அழைத்தார். விளக்கைத் தூய்மை செய்யப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவர்களோதான் செல்ல வேண்டும் என்று விதித்தார். ஆறாம் வகுப்புத் தங்கைகள் இதைக் கேட்டு நெடுநேரம் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

சிறுவனாக மாடியறையில் வைத்த கண்ணாடியும் விளக்கும் இங்கே வந்துவிட்டன. ஆனால் இடையில் எவ்வளவு நடந்திருக்கிறது! கடலூரில் உருவ வழிபாட்டுக்காக வாதாடியவர், சில ஆண்டுகளிலேயே உருவமில்லாத சபையைக் கட்டுகிறார். சிதம்பரத்தையே உயிராக நினைத்தவர், வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்கிறார். சங்கத்தின் பெயரிலிருந்த வேதம் என்ற சொல்லும் அவ்வாண்டு நீங்கி, சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று.

மாற்றத்தை மறைத்துக்கொண்டு, நான் எப்போதும் இதையேதான் சொன்னேன் என்று சாதிப்பது மனித இயல்பு. அவர் அப்படிச் செய்யவில்லை. 1873 அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி, நீண்ட உபதேசம் செய்தார். சமயங்களிலும் சாத்திரங்களிலும் குறிக்கோளை நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னவர், தம்மையே சான்றாகக் காட்டினார். சைவத்தின்மீது தமக்கு இருந்த பற்று எவ்வளவு பெரிது என்பதைத் தம் பழைய பாடல்களைப் பார்த்தால் அறியலாம், அப்போது தம் அறிவு அந்த அளவில்தான் இருந்தது, அந்தப் பற்றை விட்டதனாலேயே தமக்கு மேல்நிலை கிடைத்தது என்பது அவர் பேச்சின் சாரம். இரவும் பகலும் உண்மையை விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஐம்பது வயதில், தம் பாடல்களைக் கோவில்களில் உருகிப் பாடுகிற அன்பர்கள் நடுவில், அந்தப் பாடல்கள் சிலவற்றைத் தாமே கடந்துவிட்டதாகச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்?

அன்பர்களால் அது எளிதில் செரிக்கவில்லை. பிற்காலக் கொள்கைகளைத் தெளிவாகச் சொல்லும் ஆறாம் திருமுறையைத் தொழுவூர் வேலாயுத முதலியார் வெளியிடவில்லை. அது வேறு அன்பர்களால் 1885-இல்தான் அச்சாயிற்று. அதாவது அவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் கழித்து.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் ஒருவர் இந்த வேதனையை அனுபவித்தார். ஜான் ஹென்றி நியூமன், ஆங்கிலிக்கன் சபையின் புகழ்பெற்ற குரு. ஆராய்ந்து ஆராய்ந்து, 1845-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். நண்பர்கள் பிரிந்தார்கள். அவர் நேர்மையையே சிலர் ஐயுற்றார்கள். 1864-இல் தம் மனம் படிப்படியாக மாறிய வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் உள்ள உறவைப் பற்றி 1870-இல் இன்னொரு நூல் எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் அவரைப் புனிதராக அறிவித்தார். நியூமன் சேர்ந்த இடமும் இராமலிங்கர் சென்ற இடமும் ஒன்றல்ல. ஒருவர் திருச்சபையின் அதிகாரத்தைத் தேடி அடைந்தார். மற்றவர் எல்லாச் சமய அதிகாரத்தையும் விட்டு வெளியேறினார். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இருவருக்குமே அநீதி. ஆனால் இருவரும் கடவுளை விட்டு ஓடுவதற்காக அறிவைப் பயன்படுத்தவில்லை. கடவுளுக்கு அஞ்சி அறிவை மூடி வைக்கவும் இல்லை.

எழுதக் கடினமான பகுதி இனிமேல்தான். இறைவன் விரைவில் வெளிப்படுவார், இறந்தோர் எழுவர் என்று இராமலிங்கர் உறுதியாக நம்பினார், அறிவிக்கவும் செய்தார். அந்தச் செய்தி கேட்டு வடலூருக்குக் கூட்டம் வந்தது. அற்புதத்துக்காக வந்தவர்கள் அதிகம், ஒழுக்கத்துக்காக வந்தவர்கள் குறைவு. எதிர்பார்த்த வண்ணம் ஊரறிய எதுவும் நடக்கவில்லை. தாம் சொன்னதை ஏற்பவர் இல்லையே என்ற ஏக்கம் அவர் கடைசி நாட்களில் இருந்தது. ஞானசபையும் பூட்டப்பட்டது. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுவதை நாங்கள் விரும்பவில்லை. அறிவோடு விசாரித்தவருக்கும் விடை தெரியாமல் காத்திருக்கும் இரவுகள் இருந்திருக்கின்றன.

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இரவு, சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை. அன்பர்கள் அவர் ஒளியுடம்பு பெற்று இறைவனோடு கலந்தார் என்று நம்புகிறார்கள். வேறுவிதமாக எண்ணுகிறவர்களும் உண்டு. 1906-இல் அரசு வெளியிட்ட தென்னார்க்காடு ஜில்லா கெசட்டியரும், அறைக்குள் சென்றவர் பின்னர்க் காணப்படவில்லை என்ற செய்தியைப் பதிவு செய்கிறது. தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள் மேட்டுக்குப்பத்தில் அந்த அறையைத் தரிசிக்க இன்றும் பெருங்கூட்டம் கூடுகிறது. எங்களுள் ஒருத்தி அந்தக் கதவின் முன் நின்று, உள்ளே என்னதான் நடந்திருக்கும் என்று சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் அவள் தோளைத் தொட்டாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மறைந்தபின் ஞானசபையில் நடந்ததும் விந்தையே. உருவமில்லாத அந்த இடத்தில் பிற்காலத்தில் இலிங்கம் வைத்துப் பூசை நடக்கத் தொடங்கிற்று. அன்பர்கள் முறையிட, அது வள்ளலார் விதித்த வழிபாட்டு முறைக்கு மாறானது என்று 2006-இல் அறநிலையத் துறை ஆணையிட்டது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஆணையை உறுதிசெய்தது. 1872-இல் அவர் எழுதிவைத்த வழிபாட்டு விதிகளை நீதிபதி படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தமிழக அரசு இப்போது தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடுகிறது.

வகுப்பில் முதலில் கேள்வி கேட்ட பெண், ஞானசபைக்கு வெளியே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விடை கிடைத்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவளைத் தேடிப் போனபோது, அவள் தருமச்சாலைக்குத் திரும்பி வந்து அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.